'த்ரில்ட்' என்று சொன்ன மத்தியானம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரே மகள். வேலைக்குப் போன நகரத்தில், தமிழ் தெரியாத ஒருவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை தங்கமான பையன்தான். ஆனால் போனில் மாமனாரும் மாப்பிள்ளையும் 'ஹலோ' சொல்லி, இருமி, அசடு வழியச் சிரித்து, மகளிடம் கொடுத்துவிடுவதோடு சரி. மகள் உண்டானதும் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தார். குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளையிடம் தன் வாயாலேயே நாலு வார்த்தை பேசிவிட வேண்டும்.

மருந்துக்கடை மாடியில் ஞாயிறு காலை இங்கிலீஷ் வகுப்பு. கிரீஸ் போகாத விரல்களில் பேனாவைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தமிழ்ல சந்தோஷம் தானா வரும். 'எனக்குச் சந்தோஷமா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம்" என்றாள் டீச்சர். "இங்கிலீஷ்ல யாராவது வந்து நம்மளச் சந்தோஷப்படுத்தணும். எக்ஸைட், ப்ளீஸ், டிலைட், த்ரில், எல்லாம் அப்படித்தான். நமக்கு நடந்தா எக்ஸைட்டட், ப்ளீஸ்ட், டிலைட்டட், த்ரில்ட்."

"அப்ப 'ஐ ஆம் எக்ஸைட்டிங்'னா, மிஸ்?" என்றார் மெக்கானிக்.

"உங்களப் பாத்தாலே மத்தவங்களுக்குக் குஷி கெளம்பிடும்னு அர்த்தம் சார்."

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷமா கூட இருக்கேன், எனக்கு அப்படி ஒண்ணும் ஆகலியே" என்றாள்.

குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளையிடம் சொல்ல 'ப்ளீஸ்ட்' அவருக்குப் பிடிக்கவில்லை. ஆபீசர் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. 'டிலைட்டட்' பரவாயில்லை. 'த்ரில்ட்' என்றால் மேல் சிலிர்த்துப் போவது என்று டீச்சர் சொன்னதும், இதுதான் என்று வைத்துக்கொண்டார். வேலை நேரத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் குந்திக்கொண்டு, இரும்புக் கயிறுகளைப் பார்த்து, "வீ ஆர் த்ரில்ட்" என்று சொல்லிப் பழகினார்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அடுத்த வாரம் கிளம்ப டிக்கெட்கூடப் போட்டாயிற்று. அன்று மத்தியானம் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மோட்டார் அறையில் இருந்தார். போன் அடித்தது. திரையில் மாப்பிள்ளை. அவனாகக் கூப்பிட்டதே கிடையாது. முந்திக்கொண்டு பிறந்துவிட்டது போல! கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தார்.

"ஹலோ! வீ ஆர் த்ரில்ட்! ஸோ, ஸோ த்ரில்ட்!"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாப்பிள்ளை, அவருக்குப் புரியவேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "பேபி கேர்ள். நோ மோர்." கொஞ்சம் பொறுத்து, "யுவர் டாட்டர் ஓகே."

துக்கத்துக்கான வார்த்தைகளுக்கு வகுப்பு இன்னும் வரவில்லை. அவர் "ஓகே, ஓகே" என்றார்.

ரயிலில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் மனைவியிடம் அதைச் சொன்னார்.

"சந்தோஷம்னு சொல்லிட்டேன்டி. செத்த பிள்ளையப் பத்திச் சொல்ல வந்தவன்கிட்ட, சந்தோஷம்னு கத்தினேன்."

"தெரியாமதான சொன்னீங்க."

"அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கதவைத் திறந்தான். சவரம் செய்யாத முகம். மெக்கானிக் அவனை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனார். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா தலையைக் கோதக் கோத அழுதாள். அப்புறம் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீங்க போன்ல சொன்னத அவர் சொன்னார்ப்பா."

"மன்னிச்சுக்கச் சொல்லும்மா. எனக்குச் சொல்லத் தெரியாது."

"இல்லப்பா. அவங்க வீட்ல எல்லாரும் ஆஸ்பத்திரிலயே இருந்தாங்க, அழுதுட்டே. நீங்க ஒருத்தர்தான் பாப்பாவுக்காகச் சந்தோஷப்பட்டீங்க. அந்த ஒரு நிமிஷம் அவ நல்லபடியாப் பொறந்துட்ட மாதிரி இருந்துச்சாம். உடனே மறுத்துச் சொல்ல அவருக்கு மனசே வரலியாம்."

அதுவரை அழாதவர் அப்போது அழுதார். வாசலில் நின்ற மாப்பிள்ளை உள்ளே வரவும் முடியாமல், போகவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் மாப்பிள்ளை அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனான். ஜன்னலோரம் ஒரு புதுத் தொட்டில். மகள் எழுந்து நடமாடுவதற்குள் கழற்றி எடுத்துவிடலாம் என்று சைகையில் காட்டினான். தானே கழற்றப் பார்த்து அவன் திருகியதில் ஒரு போல்ட்டின் தலை தேய்ந்துபோயிருந்தது. மெக்கானிக் ஸ்பேனரை வாங்கி, தரையில் உட்கார்ந்து, முதல் போல்ட்டைச் சத்தமில்லாமல் கழற்றினார். இரண்டாவது கிறீச்சென்றபோது அடுத்த அறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, அதக் கழட்டாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவனுக்குப் புரிந்தது. கழற்றிய போல்ட்டை அவனே எடுத்துக் கொடுத்தான். அவர் அதை மறுபடி மாட்டினார்.