கருத்தையாவின் நாற்காலி நின்ற வாசல்

அறுபத்தாறாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு சந்தை நாளில், காரைக்குடியில் எங்கள் வடக்குத் தெருக் கருத்தையா உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி, அவரையும் அவர் கையிலிருந்த காப்பி டம்ளரையும் சுமந்துகொண்டு, வாசற்படி இறங்கி, தெருவின் இடது ஓரமாகவே நகர்ந்துபோய், ஏழெட்டு வீடு தள்ளியிருந்த சொக்கலிங்கக் கொத்தனார் வீட்டு வாசலில் முட்டி நின்றது. காப்பி சிந்தவில்லை. அன்றைக்குக் கத்திரிக்காய் மலிந்திருந்ததால் தெருவில் பாதிப் பேர் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பார்த்தவர்கள் முதலில் கவனித்தது நாற்காலிக்குச் சக்கரம் இல்லை என்பதை அல்ல, கருத்தையா சட்டை போடாமல் இருந்தார் என்பதைத்தான். இஸ்திரி போட்ட சட்டையும் பையில் பேனாவும் இல்லாமல் அவரைத் தெருவில் யாரும் கண்டதில்லை. கொத்தனார் மகள் நாகவல்லி தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. "காப்பி ஆறிப்போச்சு" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். போகும்போது நாற்காலி அவரைச் சுமந்தது, வரும்போது அவர் நாற்காலியைச் சுமந்தார். அடுத்த ஆறரை வருஷத்துக்கு இதுதான் வழக்கமாயிற்று.

கருத்தையா பம்பு செட்டு விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். மாடு கட்டி இறைத்துக்கொண்டிருந்த சம்சாரிகள் ஒவ்வொருவராகக் கரண்டு மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. குன்றக்குடிப் பக்கம், நெற்குப்பைப் பக்கம் என்று ஊர் ஊராகப் போய், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, இதற்கு இன்ன மோட்டார் என்று சொல்லிவிட்டு வருவது அவர் வேலை. கம்பெனியில் மற்றவர்களெல்லாம் சைக்கிள். அவர் மட்டும் சொந்த லாம்பிரட்டா ஸ்கூட்டர். சொந்த வண்டியைக் கம்பெனி வேலைக்கு ஓட்டுகிறவர்களுக்கென்று மானேஜர் சில விதிகளைப் பலகையில் எழுதி ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். மானேஜர் கோயமுத்தூர்க்காரர், பேச்சில் மரியாதையும் காரியத்தில் கறாரும் உள்ள மனுஷர். ஹார்ன், பிரேக், விளக்கு மூன்றையும் வாரம் தவறாமல் பார்க்க வேண்டும். கால் வைக்கிற இடத்தில் சுமை ஏற்றக்கூடாது. எதிரே வருவதை மறைக்கிற எதையும் பிடித்துக்கொண்டு ஓட்டக்கூடாது. இடது ஓரமாகவே போக வேண்டும். தவறினால் அனுமதி ரத்து, அப்புறம் சைக்கிள்தான். கம்பெனியில் சொந்த வண்டி வைத்திருந்தது ஒரே ஆள் என்பதால் பலகை முழுக்க அந்த ஒரே ஆளுக்காகத்தான் எழுதியிருந்தது. தன் பேரில் கல்வெட்டு வெட்டிவைத்த மாதிரி கருத்தையா அதன் கீழே நின்றுதான் வெற்றிலை போடுவார்.

திங்கட்கிழமைதோறும் மானேஜர், "ஏனுங்க, வண்டியப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்பார். "வெள்ளிக்கிழமையே பார்த்தாச்சுங்க" என்பார் இவர். பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வண்டியைக் குளிப்பாட்டி, முகத்தில் குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, கைப்பிடியில் மல்லிகைச் சரம் சுற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார். பழம் நசுங்கினால் வண்டி நல்லாயிருக்கிறது என்று கணக்கு. லாம்பிரட்டா ஏறி நசுங்காத எலுமிச்சம்பழம் உலகத்தில் கிடையாது என்பதால் வண்டி எப்போதும் நல்லாவே இருந்தது. அந்த வண்டிக்கு ஹார்ன் இருந்தது முகத்தில், சந்தனம் அப்பிய கம்பிவலைக்குப் பின்னால். வாராவாரம் ஒரு பூச்சு. காய்ந்து கெட்டித்து உள்ளே இறங்கி, கடைசியில் ஹார்னை அழுத்தினால் கோழி தும்மின மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. முன் பிரேக் கம்பியில் காய்ந்த மல்லிகை நார் சுற்றிக்கொண்டு அதை அசையவிடவில்லை. இதையெல்லாம் தெருவே பார்த்தது. பக்தியான மனுஷன் என்று பேசிக்கொண்டது.

அறுபத்தைந்தாம் வருஷம் பங்குனியில், மோட்டாரைச் சீக்கிரம் இறக்கிக் கொடுத்ததற்காகக் குன்றக்குடிப் பக்கத்துச் சம்சாரி ஒருத்தர் ஒரு மூட்டை நிலக்கடலையை அன்பளிப்பாகக் கொடுத்தார். கருத்தையா அதைக் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு வந்தார். கால் பிரேக் மூட்டைக்கு அடியில் போயிற்று. உச்சி வெயிலில் எங்கள் தெரு முனை திரும்பும்போது நாகவல்லி தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே வந்தாள். ஹார்ன் இல்லை, முன் பிரேக் இல்லை, பின் பிரேக் மேல் கடலை. குடம் உடைந்தது, கணுக்கால் எலும்பும் உடைந்தது. கடலை தெரு முழுக்கச் சிதறியது. ஓடிவந்தவர்களில் பாதிப் பேர் பெண்ணைத் தூக்கினார்கள், மீதிப் பேர் கடலையைப் பொறுக்கினார்கள். "என்னய்யா, ஹார்ன் அடிக்க மாட்டீகளா?" என்று யாரோ கேட்டதற்கு, கருத்தையா ஒரு நொடிகூட யோசிக்காமல், "அடிச்சுக்கிட்டேதான்யா வந்தேன். இந்தப் புள்ளைக்குக் காது கேக்காது போலிருக்கே" என்றார். சைக்கிளில் போவதாகத் தன்னை நினைத்துப் பார்த்த பயத்தில் வந்த பேச்சு அது. நாகவல்லி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால் அது உண்மையாயிற்று. ஆபீசிலும் அதையே சொன்னார். செவிடிக்கு ஹார்ன் அடித்து என்ன பயன் என்று மானேஜரும் விட்டுவிட்டார்.

நெற்குப்பையில் நாகவல்லிக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த மாதமே தாம்பூலத்தைத் திருப்பிவிட்டார்கள். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவளைப் பார்க்கப் போனவர்கள் எல்லாரும் அவள் காதருகே குனிந்து கத்தினார்கள். "எனக்கு நல்லாக் கேக்குது அக்கா" என்று அவள் சொன்னாள். "பாவம், வாய் அசையிறத வச்சே கண்டுபிடிக்கிறா பாரு" என்று வியந்தார்கள். அவள் மறுக்க மறுக்கச் சத்தம் ஏறியது. கொத்தனார் வாசலில் நின்று, "எம்மகளுக்குக் கேக்குமய்யா" என்று போவோர் வருவோரிடம் சொல்லிப் பார்த்தார். பெத்த மனசு என்றார்கள். கட்டுப் பிரித்தபோது அவள் மறுப்பதை விட்டிருந்தாள். தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டு ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். பெண்கள் அளவு கொடுக்க வந்தார்கள். அளவைக் கத்திச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் தங்களுக்குள் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டார்கள். எந்த மருமகள் எந்த நகையை எங்கே ஒளித்தாள், எந்த வீட்டு அப்பச்சி மலேயாவில் யாரோடு இருக்கிறார், யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், எல்லாம் அந்த மிஷின் முன்னால்தான் கொட்டியது. செவிடி முன்னால் பேசுவது சுவரிடம் பேசுவதைவிடப் பத்திரம். சுவருக்கு அந்தப்புறம் ஆள் இருப்பார்கள்.

நாற்காலி புறப்பட்டது அதற்கு அடுத்த வருஷம். முதல் நாளோடு நிற்கவில்லை. கருத்தையா எதில் உட்கார்ந்தாலும் அது கொத்தனார் வீட்டுக்குப் போயிற்று. மனைவி உமையாள் அவர் படுத்த கட்டிலை மரத்தூணில் கட்டிப்போட்டாள். தூண் முனகியது, மச்சிலிருந்து காரை உதிர்ந்தது. வீடு மிஞ்சட்டும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டாள். நெற்குப்பை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பஸ் டிரைவரின் பேச்சைக் கேட்காமல் வடக்குத் தெருவுக்குள் திரும்பியது. அதிலிருந்து கண்டக்டர்கள், "அண்ணே, நீங்க நின்னுக்கிட்டே வாரதா இருந்தா ஏறுங்க" என்றார்கள். லாம்பிரட்டாவும் வேறெங்கும் போகாமல் அங்கேயே போனதால், அதைக் கானாடுகாத்தானில் ஒருத்தருக்கு விற்றார். அவருக்கு அது சொன்ன இடத்துக்கெல்லாம் போயிற்று. ஆபீஸ் நாற்காலியும் அவரைச் சுமந்து வெளியேறவே, கம்பெனிச் சாமான் வெளியே போகக்கூடாது, சொந்த நாற்காலி கொண்டுவரவும் என்றார் மானேஜர். கொண்டுவந்தார். வேலை நேரத்தில் அது அவரோடு தெருவில் போனதால், சொந்த வண்டியைக் கம்பெனி வேலைக்கு ஓட்டுகிற கணக்கில் அது வந்தது. பலகையில் எழுதியதெல்லாம் அதற்கும் பொருந்தும் என்று மானேஜர் தீர்த்தார். நாற்காலிக் கையில் சைக்கிள் மணி பூட்டினார்கள். முதுகில் சிவப்புக் கண்ணாடி ஒன்று ஒட்டினார்கள். கருத்தையா வெட்கத்துக்கு முகத்தை மறைத்துக் குடை பிடித்துப் பார்த்தார். எதிரே வருவதை மறைப்பது விதிக்கு விரோதம் என்று குடையைப் பிடுங்கினார்கள். எனவே அவர் முகத்தைக் காட்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

தெரு சீக்கிரமே பழகிவிட்டது. "கொத்தனார் வீட்டுக்குத்தானே போறீக, இந்த ரவிக்கைத் துணியையும் குடுத்துருங்க" என்று மடியில் வைத்தார்கள். கேலிகளும் உண்டு. "என்ன கருத்தையா, இன்னைக்கு எக்ஸ்பிரஸ்ஸா, பாசஞ்சரா?" என்பார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் மணி மட்டும் அடிப்பார். வாசலில் போய் நின்றதும் அவர் வாய் ஒருமுறை திறக்கும். "மழை வரும் போலிருக்கு" என்பார். "மிஷினுக்கு எண்ணெய் போடணும், சத்தம் வருது" என்பார். சொல்ல வந்ததை மட்டும் சொல்லமாட்டார். நாகவல்லி ஊசியில் நூல் கோத்தபடி காத்திருப்பாள். அவர் எழுந்து நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார். திங்கட்கிழமைகளில் மானேஜர் மணியைக் கேட்டார், கண்ணாடியைக் கேட்டார். "பிரேக்குங்க?" என்று கேட்கும்போது மட்டும் கருத்தையா சுவரைப் பார்த்தார். "எங்க போனா நிக்குது?" "கொத்தனார் வீட்டுல." "அப்ப பிரேக் அங்கதானுங்க இருக்குது. போய்ப் பாருங்க." வருஷக்கணக்காக இதே பேச்சு.

எழுபத்துமூன்றாம் வருஷம் தை மாதம் கானாடுகாத்தானிலிருந்து நாகவல்லியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெரியகருப்பன், தச்சுவேலை மேஸ்திரி, மனைவியை இழந்தவர். கூட அவருடைய அத்தை அக்கம்மாள். கொத்தனாருக்கு அப்போது நெஞ்சு வலி வந்து போயிருந்தது. மகளை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்ற நிலை. அந்த நேரம் பார்த்து மணியடித்துக்கொண்டு நாற்காலி வந்து, விரித்த ஜமுக்காளத்துக்கு நடுவில் ஏறி நின்றது. தெருவும் வாசல் அடைக்க வந்து நின்றது. இப்படி ஒன்றை யார் விடுவார்கள். அக்கம்மாள் புது ஆளைப் பார்த்து, உள்ளூர்ப் பெரிய மனுஷர் போலிருக்கிறது என்று எண்ணி, "ஏனய்யா, பொண்ணுக்குக் காது சுத்தமா கேக்காதா, இல்ல கொஞ்சம் கேக்குமா? நீங்களாச்சும் உள்ளதச் சொல்லுங்க" என்றாள்.

கருத்தையா நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கும்" என்றார், தன் சட்டைப் பொத்தானிடம்.

நாகவல்லி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "சத்தமாச் சொல்லுங்கண்ணே. எனக்குத்தான் காது கேக்காதே" என்றாள்.

"இந்தப் புள்ளைக்குக் காது கேக்கும்."

"வாசல்ல நிக்கிறவுகளுக்கு விழுகலையே."

அப்புறம் கருத்தையா கத்தினார். ஹார்ன் அடைத்துக்கிடந்ததை, சந்தனத்தை, மல்லிகை நாரை, கடலை மூட்டையை, தான் ஹார்னே அடிக்காததை, சைக்கிளுக்குப் பயந்து சொன்ன ஒரு வார்த்தையை, எல்லாவற்றையும் தெருவின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி கத்தினார். கத்தி முடித்தபோது அவர் முகம் வேட்டித் துணி மாதிரி வெளுத்திருந்தது. "கேட்டுச்சா தாயி?" என்றார். "அன்னைக்கே கேட்டுச்சு" என்றாள் நாகவல்லி.

அக்கம்மாள் எழுந்து சேலையை உதறினாள். "காது கேக்குற பொண்ணா? இவனப் பெத்த எங்க அண்ணி வாய்க்குக் காது கேக்காத பொண்ணுதான் தோதுன்னுல்ல வந்தோம்" என்று சொல்லி மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் மாப்பிள்ளை பொய்யால் போனான், இரண்டாவது மாப்பிள்ளை உண்மையால் போனான். இரண்டும் ஒரே மனுஷர் புண்ணியம். நாகவல்லி அதற்கு அழவில்லை. கொத்தனாருக்கு அந்தக் காப்பியைக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து, "எட்டு வருஷமா நான் சொன்னத ஒருத்தன் நம்பலையே" என்று மட்டும் சொன்னார். கருத்தையா திரும்ப உட்கார்ந்து பார்த்தார், நாற்காலி அசையவில்லை. வழக்கம்போல அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை மானேஜர், "பிரேக்குங்க?" என்றார். "புடிக்குதுங்க" என்றார் இவர். கடலை மூட்டைக்காக அவருடைய சொந்த வண்டி அனுமதி எட்டு வருஷம் பிந்தி ரத்தாயிற்று. பாக்கி நாளையெல்லாம் அவர் சைக்கிளில்தான் போனார், மணியை அடித்துக்கொண்டே, ஆளில்லாத பாதையிலும்.

வாசலில் நின்ற எங்களுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்குக் காது கேட்கும் என்றால், எட்டு வருஷமாகக் கேட்டிருக்கிறது. நகை, மலேயா, எல்லாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கலைந்தோம். அன்று சாயங்காலம் வடக்குத் தெருவில் விளக்கு வைக்கும் முன்பே கதவுகளைச் சாத்திவிட்டார்கள். நாகவல்லி அதில் ஒன்றைக்கூட இன்றுவரை வெளியே சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அளவு கொடுக்கப் போகிறவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை. பழைய ரவிக்கையைக் கொடுத்து, இதே மாதிரி என்று கையால் காட்டிவிட்டு வருகிறார்கள்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் எல்லா வீட்டு நாற்காலிகளும், முக்காலிகளும், கட்டில்களும் கொத்தனார் வீட்டுப் பக்கமாக நகர ஆரம்பித்தன. வேகமாக இல்லை; ராத்திரிக்கு ஒரு விரல்கடை. காலையில் கூட்டிப் பெருக்கும்போது பழைய இடத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்கிறோம். விருந்தாள் யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால், தரை அங்குட்டுச் சரிவு, மட்டம் பார்த்துப் போடவில்லை என்று சொல்லிவிடுகிறோம். தெருவில் அத்தனை வீட்டுத் தரையும் சொக்கலிங்கக் கொத்தனார் போட்டது.