வேலியோரத்தில் ஓரடி

வீட்டுச் சுவருக்கும் தோட்ட வேலிக்கும் இடையிலிருந்த கார்ப்பாதை மிகக் குறுகலானது. ஆகையால் பெரியவர் காரை உள்ளே விடும்போதெல்லாம் அவருடைய மனைவி வாசலிலேயே இறங்கி, வேலியோரப் புல்லில் நின்றுகொண்டு, "வாங்க, வாங்க, போதும்!" என்று அவருக்கு வழிகாட்டுவாள். அவள் இறந்து இரண்டாண்டுகள் ஆகிவிட்டன.

"அப்பா, இதுக்குள்ள என் காரை விடுறதும் ஊசியில வடம் கோக்கிறதும் ஒண்ணுதான்" என்று மகள் நச்சரித்ததால், பாதையை அகலப்படுத்த மனுக் கொடுத்தார். சாலையோர நடைபாதையையும் இடிக்க வேண்டியிருந்தமையால் நகராட்சியின் அனுமதியின்றி ஒரு கல்லையும் பெயர்க்க இயலாது.

அளக்க வந்த பொறியாளர் அம்மாள் வேலியருகே குனிந்தாள்.

"சார், இந்த ஓரடியில மட்டும் புல்லே முளைக்கலையே. தினமும் யாராவது இங்க நிக்கிறாங்களா?"

"இல்லம்மா. நான் தனியாத்தான் இருக்கேன்."

"ராத்திரி பெய்ஞ்ச மழையில தடம் பதிஞ்சிருக்கே!"

ஈரமண்ணில் இரண்டு வெறுங்கால்களின் சுவடுகள், பாதையைப் பார்த்தபடி, அருகருகே இருந்தன. வந்த தடமும் இல்லை. போன தடமும் இல்லை. பக்கத்தில் நின்று ஏதோ கேலி பேச வாயெடுத்த மகள், அந்தச் சிறிய பாதங்களைக் கண்டதும் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். இந்த வாரமே அனுமதி கிடைச்சுடும். முதல்ல இந்த இடத்தைத்தான் தோண்டணும்."

"வேண்டாம்மா," என்றார் அவர். "மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்."



"நான் தெருவுலயே நிறுத்திக்கிறேன்ப்பா" என்று மகள் மெல்லச் சொல்லிவிட்டு, அந்த ஓரடியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.