ஏசி அறையில் ஒட்டிய பசை

திங்கட்கிழமை காலை, வேலூரை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தின் இன்குபேஷன் சென்டரில் ரிப்பன் வெட்டி முடித்து, பிரேம்நாத் மைசூர்பாகு ஒன்றைக் கையில் எடுத்த நேரத்தில் ஆம்பூரிலிருந்து போன் வந்தது. அந்த சென்டருக்கு அவர்தான் மேலாளர். புதுத் தொழில் யோசனையோடு வரும் பிள்ளைகளுக்கு இடமும் இயந்திரமும் ஆலோசனையும் கொடுத்து, அவர்களுடைய கம்பெனிகளை வளர்த்துவிடுவது அவர் வேலை. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ரிப்பன் வெட்டுவதில் மனிதர் கெட்டிக்காரர். ஏழு வருஷத்தில் முப்பத்தொரு கம்பெனிகளுக்கு வெட்டியிருக்கிறார்.

போனில் பேசியவர் ஜியாவுதீன். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் புரொடக்‌ஷன் மேனேஜர்.

"இன்னா சார், உங்க ஹீனா குடுத்த பசை மானத்த வாங்கிடுச்சே! நூறு ஜோடி ஒட்டினோம். காலைல வந்து பாத்தா உள்தோல் எல்லாம் அப்பளம் மாதிரி உப்பிக்கினு நிக்குது."

"பாய், லேப்ல எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆச்சே?"

"லேப்ல நான் ஷூ தைக்கலியே சார். வியாழக்கெழம வரைக்கும் டைம் தர்றேன், அந்தப் பொண்ணு மொகத்துக்காக. அப்பவும் பிரிஞ்சிச்சின்னா பழைய சொல்யூஷன் பசைக்கே போய்டுவோம். அப்புறம் என்னைய கேக்காதீங்க."

பிரேம்நாத் மைசூர்பாகைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். ஹீனாவின் கம்பெனிதான் சென்டரின் செல்லப்பிள்ளை.

ஹீனா பேரணாம்பட்டுப் பெண். அவளுடைய அக்கா சானியா ஒன்பது வருஷம் ஷூ கம்பெனியில் பசை தடவியவள். சொல்யூஷன் என்று அங்கே சொல்லும் அந்தப் பசையின் நெடி நேரே தலைக்கு ஏறும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அக்கா அடுப்படிக்குப் போவாள். அதைப் பார்த்து வளர்ந்த தங்கை வேதியியல் படித்தாள். நெடியே இல்லாத, தண்ணீரில் கலந்த பசை ஒன்றைக் கண்டுபிடித்தாள். மூன்று போட்டிகளில் பரிசு வாங்கினாள். பரிசு வாங்கிய படங்கள் மூன்றிலும் பிரேம்நாத் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அவள் வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"பெங்களூருல ஒரு கம்பெனில அப்பா பேசி வெச்சிருக்காரு சார். வியாழக்கெழமயும் பிரிஞ்சிச்சின்னா கம்பெனிய மூடிட்டு நான் அங்க சேந்துர்றேன்."

"மூடறதா? அந்தப் பேச்சே பேசாதம்மா. ரிப்போர்ட்ல 'இயங்குகிறது'ன்னு போட்டுக்கலாம். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"பச்சையப்பன் அண்ணன் கம்பெனிக்குப் போட்ட மாதிரியா சார்?"

பிரேம்நாத்துக்குச் சுருக்கென்றது. ஒடுகத்தூர் பச்சையப்பன், வேர்க்கடலை உடைக்கும் மெஷின் செய்தவன். அவன் கடையைக் கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. அறிக்கையில் மட்டும் அந்தக் கம்பெனி ஜாம்ஜாமென்று நடந்துகொண்டிருந்தது. அதைப்போல இன்னும் எத்தனையோ உண்டு. எத்தனை கம்பெனி ஆரம்பித்தீர்கள் என்று மேலிடம் வருஷா வருஷம் கேட்டது. எத்தனை பிழைத்தன என்று கேட்டதில்லை. கேட்காததைச் சொல்வானேன் என்று அவரும் இருந்துவிட்டார். இந்த நாட்டில் பாதிப் பொய்கள் இப்படித்தான், யாரும் கேட்காததால் உயிர் வாழ்கின்றன.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க சார். ஒரு தடவையாவது ஷூ கம்பெனி உள்ள போயிருக்கீங்களா?"

பிரேம்நாத் குடியாத்தத்துக்காரர். ஆம்பூருக்கு ஆயிரம் தடவை போயிருப்பார், அத்தனையும் பிரியாணிக்கு.

"நீ போனியா?" என்று திருப்பிக் கேட்டார்.

"டெமோ காட்ட ரெண்டு தடவ போனேன். ஆபீஸ் ரூம்லயே உக்கார வெச்சி அனுப்பிட்டாங்க."

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் உள்ளயே போய்ப் பாத்துடலாம்" என்றார் பிரேம்நாத். எழுந்து, அந்த வாரம் குறித்துவைத்திருந்த இரண்டு கூட்டங்களையும் ரத்து செய்தார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க இருவரும் ஆம்பூர் தொழிற்சாலையில், பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் டேபிளுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஹீனா எழுதிக் கொடுத்தபடியே அளவாகத் தடவி, நேரம் பார்த்து ஒட்டினார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் சாயங்காலம் உள்தோல் உப்பிக்கொண்டு வந்தது. ஹீனா தனியாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பிரேம்நாத் நோட்டை மூடிவைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பதினெட்டு வருஷ அனுபவக்காரியான செல்லம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு பிரஷ்ஷை எடுத்தார். ஹீனாவும் அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து தடவ ஆரம்பித்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஏசி உடம்பு தொப்பலாக நனைந்துவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, தலைக்கு மேல ஃபேன் இருக்குதே, ஓடாதா?"

"ஓடும் சார். நாங்க போட மாட்டோம்" என்றாள் செல்லம்மாள். "காத்து பட்டா சொல்யூஷன் ஏடு கட்டிக்கும். அப்புறம் இன்னா பண்ணாலும் ஒட்டாது. நான் வந்த நாளா இந்த டேபிளுக்கு ஃபேன் கெடையாது சார், பழகிடுச்சி."

ஹீனாவின் பிரஷ் அப்படியே நின்றது.

"அக்கா, இது சொல்யூஷன் இல்லக்கா! இதுல இருக்கறது தண்ணி. காத்து பட்டாத்தான் காயும்!"

விஷயம் அவ்வளவுதான். சென்டரில் ஏசி ஓடும். அந்த வறண்ட காற்றில் தண்ணீர் சட்டென்று காய்ந்து பசை பிடித்துக்கொண்டது. இங்கே ஃபேனும் இல்லாமல் அறை வியர்வையில் புழுங்கியது. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே ஈரத்தோடு மூடி ஒட்டிய தோல் உப்பாமல் என்ன செய்யும்? இந்த ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள மூன்று வருஷமும் மூன்று பரிசும் போதவில்லை. அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து வியர்க்க வேண்டியிருந்தது.

செல்லம்மாள் நம்பாமல் கேட்டாள். "அப்ப, நாங்க ஃபேன் போட்டுக்கலாமா?"

"போட்டே ஆவணும்க்கா! பசை வெள்ளையா இருக்கறது போயி, கண்ணாடி மாதிரி ஆவட்டும். அப்ப ஒட்டுங்க."

சத்தம் கேட்டுப் பின்னால் வந்து நின்ற ஜியாவுதீனைச் செல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். சுவிட்சைப் போட்டதும் அந்த வரிசைப் பெண்கள் முகத்தை மேலே தூக்கிக் காற்றை வாங்கினார்கள். யாரோ ஒருத்தி கைதட்டினாள். பிரேம்நாத்துக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஒட்டிய நூறு ஜோடியில் ஒன்றைத் தானே பொறுக்கியெடுத்தார் ஜியாவுதீன். உள்தோலின் நுனியைக் குறடால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வரவில்லை. காலை மேசையில் உதைத்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார். சர்ரென்று சத்தம் கேட்டது. ஹீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ண தொறம்மா" என்றார் ஜியாவுதீன். "தோல்தான் கிழிஞ்சிது. ஒட்டு பிரியல!"

பேஸ்டிங் டேபிள் மொத்தமும் எழுந்து கூவியது. செல்லம்மாள் அந்த ஷூவை வாங்கித் தடவிப் பார்த்து, "நான் ஒட்டினது" என்று எல்லோருக்கும் காட்டினாள். அந்தக் குரலில் இருந்த பெருமை எந்த மேடைப் பரிசிலும் கிடைக்காது.

"மொத்த லைனுக்கும் இதையே போட்டுடலாம்" என்றார் ஜியாவுதீன். "எத்தன தேசத்துக்காரன் காலுக்கோ நம்ம ஆம்பூர் ஷூ போவுது. இனிமே நம்ம பேரணாம்பட்டுப் பொண்ணு செஞ்ச பசையோட போவட்டும்."

ஹீனா அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டாள். "பெங்களூருக்கு நான் வரலன்னு சொல்லிடுங்கப்பா. இங்கயே எனக்கு வேல ஜாஸ்தி ஆய்டுச்சி" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

"இன்னா சார், போட்டோ எடுத்துக்கலியா? உங்க சென்டர் ஜெயிச்சிருக்குதே" என்று சீண்டினார் ஜியாவுதீன்.

பிரேம்நாத் போனை எடுத்தார். ஆனால் காதில் வைத்தார்.

"பச்சையப்பா, நான் பிரேம்நாத் பேசறேன். அந்த மெஷின் இன்னும் வெச்சிருக்கியா? நாளைக்குக் காலைல ஒடுகத்தூர் பஸ்ஸ புடிச்சி வர்றேன். எந்த எடத்துல நின்னுபோச்சின்னு எனக்குக் காட்டு."

பேசி முடித்ததும், "யாரு சார் அது?" என்றார் ஜியாவுதீன்.

"நாங்க ரிப்பன் வெட்டிட்டுக் கைவுட்ட புள்ள, பாய்" என்றார் பிரேம்நாத். "ஒரு கம்பெனிய ஆரம்பிச்சி வெக்கறது அரை நாள் வேல. அது வெளிய வந்து சொந்தக் கால்ல நிக்கற வரைக்கும் கூடவே நிக்கறதுதான் எங்க வேல. அத செய்யாம, எத்தன பேர வளத்தோம்னு கணக்கு மட்டும் காட்டினா, அந்தப் புள்ளைங்களுக்கு நாங்க பண்றது துரோகம்."