கயிற்றைத் தொட்டால் ஒரு கூறு

செவந்தி கடற்கரைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அதற்காகக் கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. வீட்டுக் கொல்லையில் நின்றால் அலை தெரியும். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மணல்தான். கோட்டைப் பாறையிலிருந்து கழிமுகம் வரைக்கும் கண்ணுக்கு எட்டினமட்டும் வெள்ளை வெளேரென்று வளைந்து கிடக்கும். இதைப் பார்க்கத்தான் கோலாப்பூர், புனே என்று எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து வருகிறார்கள். வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், குப்பை போடுகிறார்கள், போகிறார்கள். செவந்தியால்தான் போக முடியவில்லை. சுருவாடி ஊர் அவள் குடும்பத்தைத் தள்ளி வைத்திருந்தது.

தள்ளி வைப்பது என்றால் சும்மா இல்லை. அவர்களோடு யாரும் பேசக்கூடாது. கடையில் சாமான் கொடுக்கக்கூடாது. நல்லது கெட்டதுக்கு வாசல் மிதிக்கக்கூடாது. மீறிப் பேசினவன் ஊர்க்கூட்டத்தில் அபராதம் கட்ட வேண்டும்.

அவள் புருஷன் மோரேஷ்வர் செய்த குற்றம் இதுதான். மழைக்காலத்தில் கடல் பூட்டிக் கிடக்கும். ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் எவனும் படகை இறக்கலாம். அந்த வருஷம் தேங்காய் விடுவதற்கு முன்பே, சுற்றுலா வந்தவர்களின் பையன் ஒருவனை அலை இழுத்துக்கொண்டு போனது. மோரேஷ்வர் படகைத் தள்ளிவிட்டான். பையன் பிழைத்தான். பெற்றவர்கள் அன்று சாயங்காலமே காரேறிப் போய்விட்டார்கள். பௌர்ணமி முடிந்து மீன்பிடிக்கப் போன முதல் வாரத்தில், ஊர்த்தலைவர் பண்டரி தாண்டேலின் தம்பி நாகேஷ் போன படகு திரும்பி வரவில்லை.

ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. கோயிலில் விழுந்து தப்பு செய்தேன் என்று சொல்லிவிடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். "புள்ளையத் தூக்கினது தப்புன்னு என் வாயால வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான் மோரேஷ்வர். வீம்பு பிடித்த மனுஷன். செவந்திக்கு அவன்மேலும் கோபம்தான், ஆனால் ஊர்மேல் இருந்த கோபத்தில் பாதிகூட இல்லை.

இப்போது அவனுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. உயிர் போனால் தூக்குவதற்கு நாலு தோள் வேண்டும், இந்த ஊரில் ஒரு தோள்கூட வராது. செவந்திக்கு ராத்தூக்கம் போனது இதை நினைத்துத்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் ஒரு கூறு மீன் கொடுத்தாக வேண்டும். கை வைத்தவரைத் தள்ளிவிட்டால் வருஷம் முழுக்க வலை காலியாக வரும் என்று ஊருக்குப் பயம். கூறு வாங்கினவள் ஊர்க்காரிதான். கூறு கையில் விழுந்துவிட்டால் தள்ளி வைத்தது தானாக அற்றுப்போகும்.

அதனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோப்பைத் தாண்டினாள்.

வலை முக்கால்வாசி கரைக்கு வந்திருந்தது. இரண்டு கயிற்றையும் நெருக்கிக் கொண்டுவந்து ஊரே இழுத்துக்கொண்டிருந்தது. வலையின் மடி மீனால் கனத்திருந்ததை இழுப்பவர்களின் முதுகே சொல்லியது. கொஞ்சம் தள்ளி ஒரு ஜீப்பை மணலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காயப்போட்ட வலையின் ஓரத்தில் சக்கரம் ஏறியிருந்தது. அதற்காகப் பண்டரி அவர்களைக் கண்ணாலேயே எரித்துக்கொண்டிருந்தார்.

செவந்தி நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். அவளுக்கு முன்னால் துளசா. கூடப் படித்தவள், ஒன்றாகச் சந்தையில் மீன் விற்றவள். துளசாவின் தோள் விறைத்தது, தலை திரும்பவில்லை.

வலை இழுப்பவர்களின் பாட்டு நின்றது. பண்டரி அவளைப் பார்த்தார். தள்ளவும் முடியாது, பேசவும் முடியாது. அவர் போட்ட தடை அவருக்கும்தானே. கடைசியில் ஜீப் பையன்களில் தாடி வைத்தவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பொம்பளைகிட்ட சொல்லு. கையை எடுக்கச் சொல்லு."

தாடிக்காரன் விழித்தான். இரண்டு பேரும் பத்தடி தூரத்தில்தான் நின்றார்கள். "உங்களுக்கே கேக்குமே மாவ்ஷி?" என்று செவந்தியைச் சித்தி முறை வைத்துக் கேட்டான்.

"கேக்குது. அவருகிட்ட சொல்லு, எடுக்க முடியாது. இது அவங்க அப்பன் வீட்டுத் துணி காயப்போடற கொடி இல்ல, அவரு சொன்னா கையை எடுக்கறதுக்கு."

"என் தம்பியைத் தின்ன குடும்பம்னு சொல்லு."

"அவரு தம்பிக்காக நானும் அழுதேன்னு சொல்லு. வாசல்ல நின்னு அழுதேன். உள்ள விடல."

பையன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினான். மற்ற மூவரும் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பண்டரிக்கு முகம் கறுத்துவிட்டது. "அவ எதுக்கு வந்திருக்கான்னு எனக்குத் தெரியும். புருஷனுக்கு நாலு தோள் தேடி வந்திருக்கா. வெளியூர்க்காரனுக்காகத்தானே கடலைத் திறந்தான்? அந்த வெளியூர்க்காரனே வந்து தூக்கட்டும்னு சொல்லு." சொல்லிவிட்டுக் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

அவர் எடுத்ததும் அவர் மகன் எடுத்தான். பிறகு வரிசையாக எல்லோரும். ஒரு காலைப்பொழுதின் மீனைக் கடலுக்கே விட்டாலும் விடுவோம், இவளோடு இழுக்க மாட்டோம் என்று நாற்பது பேர் மணலில் கைகட்டி நின்றார்கள். துளசாதான் கடைசி. அவள் கை கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் இருந்தது. புருஷன் கனைத்தான். விட்டுவிட்டாள்.

கயிறு செவந்தியின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அவள் குதிகாலை மணலில் ஊன்றினாள். கடல் அவளையும் சேர்த்து இழுத்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "சாவுங்கடா எல்லாரும்" என்று பல்லைக் கடித்தபடி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"டேய், பிடிங்கடா" என்றான் தாடிக்காரன்.

நாலு பேரும் ஓடிவந்தார்கள். இழுக்கத் தெரியாது, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒருத்தன் மூக்குக் கண்ணாடி அலையோடு போனது. "அலை வரும்போது இழு, போகும்போது பிடிச்சு நில்லு. மூளை எங்க வச்சிருக்கீங்க?" என்று செவந்தி கத்தினாள். கத்தின பிறகு கொஞ்சம் ஒழுங்காக இழுத்தார்கள். பாதி மீன் வலையின் வாய்வழியாகப் போய்விட்டது. மீதியோடு மடி மணலில் வந்து விழுந்தது. எல்லாம் கானாங்கெளுத்தி, துள்ளிக்கொண்டிருந்தது.

ஊர் பார்த்துக்கொண்டே நின்றது.

செவந்தி குந்தி உட்கார்ந்து கூறு போட்டாள். வலைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பையன்களுக்கு நாலு, தனக்கு ஒன்று. பண்டரி பக்கம் நிமிர்ந்தும் பார்க்காமல் தாடிக்காரனிடம் சொன்னாள்: "அவருகிட்ட சொல்லு. கயிறு பிடிச்சவங்களுக்குத்தான் கூறு. அவரு கையில கயிறு இல்ல."

அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பண்டரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர் பின்னாலேயே போனது.

ஜெயித்தாயிற்று. ஆனால் கூறு கொடுக்க வேண்டிய கை எதுவும் கொடுக்கவில்லை. தானே போட்டுத் தானே எடுத்துக்கொண்ட கூறுக்கு என்ன மதிப்பு? செவந்தி ஈர மணலில் உட்கார்ந்து உரிந்த கையைப் பார்த்தாள்.

"நாங்க ஓட்டல்ல தங்கியிருக்கோம் மாவ்ஷி. இவ்வளவு மீனை வச்சுக்கிட்டு என்ன பண்றது? நீங்களே எடுத்துக்குங்க" என்றான் கண்ணாடி போனவன்.

"எப்போ வரைக்கும் இருப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பறோம். ஏன், சமைச்சுப் போடப் போறீங்களா?" என்று சிரித்தான்.

"என் வீட்டுக்காரரைத் தூக்கணும்."

சிரிப்பு நின்றது. தாடிக்காரன் கீழே பார்த்தான். பண்டரி சொன்னது என்னவென்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. "நாலு பேரும் இங்கதான் இருப்போம் மாவ்ஷி. ஆள் அனுப்புங்க" என்றான்.

"அனுப்ப ஆள் இல்ல. நானே வருவேன்."

வீட்டில் மோரேஷ்வர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். மீன் வாசனைக்குக் கண்ணைத் திறந்தான். "கூறு கொடுத்தானுங்களா?"

"இல்ல." அவள் எதையும் மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பண்டரி சொன்னதையும் சொன்னாள். "தோளுக்கு நாலு பேர் இருக்காங்க. வெளியூர்ப் பசங்க. ஞாயித்துக்கிழமை காலையில போயிடுவாங்களாம்."

அவன் உரிந்த அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இன்றைக்கு வெள்ளி என்று விரலில் கணக்குப் பார்த்தான்.

"சரி" என்றான். "அதுக்குள்ள முடிச்சுக்கறேன்."