நின்னுக்கிட்டே கேக்குறேன்

1

இந்தக் கதை நான் திட்டு வாங்கியதில் தொடங்கியது. காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஈஸ்வரிக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும் நோய். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "பாவம்னு மட்டும் எழுதிறாதீக" என்று முறைத்தாள்.

எழுதிய முதல் வரி: ஈஸ்வரியின் நெஞ்சுக்குள் சிறைப்பட்ட பறவையொன்று

(சீ. பறவையாம். தூக்கிப் போட்டாயிற்று.)

2

நடந்ததையே சொல்கிறேன். ஒக்கூரில் அவள் அண்ணன் பூமிநாதன் இறந்தபோது, உடலைத் தூக்கிய பிறகுதான் அவளிடம் சொன்னார்கள். அதுவும் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து.* நெஞ்சு தாங்காதாம். அன்றிலிருந்து அவள் விரல் மணிக்கட்டு நாடியைவிட்டு நகரவில்லை. மாடிப்படி ஏறுவதையும் விட்டாள்.

* எங்கள் பக்கம் கெட்ட செய்திக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பு வரும். செம்பைப் பார்த்ததுமே பாதி உயிர் போய்விடும்.

3

மாத்திரை நன்றாகக் கேட்கிறது, இனிப் பயத்துக்குத்தான் வைத்தியம் என்று இதய மருத்துவர் அவளை மனநல ஆலோசகர் சிந்துவிடம் அனுப்பினார். சிந்து அவளோடு படியேறினாள். படபடப்பு வந்தது. நாடியைத் தொடாமல், அது அடங்கும்வரை நிற்கச் சொன்னாள். வாராவாரம் இதேதான். இப்போது ஈஸ்வரி மொட்டைமாடியில் வற்றல் காயப்போடுகிறாள்.

ஒருநாள் கணவர் உதயகுமாரையும் வரவழைத்து, இனி எதையும் மறைக்கக் கூடாது என்றாள் சிந்து. அவர் நன்றாகத் தலையாட்டினார். ஈஸ்வரி விடவில்லை.

"தாங்காது தாங்காதுன்னு எங்கண்ணன் மொகத்தப் பாக்க விடலயே. என்னைய உசுரோடதான வச்சிருக்கீக?"

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். இன்று காலை உதயகுமார் என்னைத் தேடி வந்தார். மதுரையில் மகள் யோகலட்சுமிக்குக் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அம்மா வேண்டுமென்று அழுகிறாள். ஈஸ்வரியிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சுகிறார், தலையாட்டிய அதே மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிவு அ: கேட்டதும் ஈஸ்வரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு

(மாட்டேன். கதைக்குக் கதை இதய நோயாளிகளைச் சாய்த்தது போதும்.)

முடிவு ஆ: நோயெல்லாம் பறந்துபோய், புன்னகையோடு

(புளுகு. நோய் இருக்கும். அவளும் இருப்பாள்.)

5

முடிவை நான் எழுதப்போவதில்லை. யோகலட்சுமியின் செய்தி உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஈஸ்வரிக்குத் தெரியாது. ஆக, இந்த நிமிடம் நீங்களும் அவளிடம் மறைக்கிறவர்தான்.

இதோ, வந்துவிட்டாள். உங்கள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டாள். நாற்காலியை இழுத்துப் போடுகிறீர்கள்; உட்கார மறுக்கிறாள்.

"சொல்லுங்க. நின்னுக்கிட்டே கேக்குறேன்."

முதலில் அந்தத் தண்ணீர்ச் செம்பைக் கீழே வையுங்கள். மதுரைக்குப் பஸ் இருக்கிறது.