குடைக்காகத் திரும்பியவள்

...குடையை மட்டும் ஏன் வெட்டித் தொலைத்தான் அந்த இயக்குநர், அவளுக்கு மனசு ஆறவே இல்லை, மற்றதெல்லாம் போகட்டும், தேவையில்லாத இரண்டு பாட்டு, அழும்போதும் கலையாத தலைமுடி, சினிமாவென்றால் அப்படித்தான், ஆனால் நாவலின் உயிரே கடைசியில் வரும் குடைதானே, புருஷனை விட்டுப் பெட்டியோடு கிளம்பியவள் மழையைப் பார்த்துவிட்டுக் குடையெடுக்கத் திரும்புகிறாள், அவன் குடையும் கையுமாக வாசலிலேயே நிற்கிறான், இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது... படத்திலோ கதவு சாத்திக்கொள்கிறது, இருட்டு, முடிந்தது. விடுவாளா? பத்திரிகை ஆபீஸில் அவளுக்குக் 'கத்தரி' என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? சாயங்காலத்துக்குள் விமர்சனம் போயாக வேண்டும், முதல் வரி தயார், "நாவலைப் படிக்காமலே படமெடுத்திருக்கிறார்கள்", இனி கடைசிப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டால் இயக்குநரின் மானம் கப்பலேறிவிடும், எங்கே அந்தப் பக்கம்...

குடை இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முந்தின பக்கத்தையும் பார்த்தாள், கதவு சாத்திக்கொள்கிறது, மழை பெய்கிறது, முற்றும். இது என்ன கூத்து, வேறு பதிப்போ, இல்லையே, அட்டையில் அதே காப்பிக் கறை, இதே புத்தகத்தைத்தானே வீட்டுக்காரர் வாசித்தார்... ஆமாம், அவர்தான் வாசித்தார், அவள் எங்கே படித்தாள்? கண் ஆபரேஷனாகிக் கட்டோடு படுத்திருந்தபோது, கிளினிக்கிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார், பல் டாக்டர், வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்களிடம் இஷ்டத்துக்குக் கதை விட்டுப் பழகியவர், அப்படியானால் குடை அவருடைய கைச்சரக்கு! சிரித்தாள், பாதியிலேயே நிறுத்தினாள். அப்போது கட்டிலுக்கடியில் அவளுடைய பெட்டி தயாராக இருந்தது, கட்டுப் பிரித்ததும் அக்கா வீடு, திரும்புவதில்லை என்று முடிவு, ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய் திறக்காதவராக இருந்த வருஷங்கள் அவை. குடையைக் கேட்டுத்தான் கட்டுக்குள்ளேயே அழுதாள், பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தாள், பெட்டி விஷயம் யாருக்கும் தெரியாது என்றே இருந்துவிட்டாள்.

அடுக்களையில் அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். படம் எப்படி என்றார். முடிவு சரியில்லைங்க என்றாள். "அப்படியா? நாவல்ல நல்லாத்தானே இருந்துச்சு," கத்தி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை, என்ன அழுத்தம் பாருங்கள் இந்த மனுஷருக்கு! மேசைக்குத் திரும்பி முதல் வரியை அழித்தாள், படிக்காதது யார் என்றுதான் தெரிந்துவிட்டதே. "என்னங்க, அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்களேன்." அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், புத்தகத்தை நடுவில் எங்கோ விரித்தார், கண்ணாடியைத் தேடக்கூட இல்லை, வாசித்தார், மழை, வாசல், குடை... அவள் கண்ணை மூடிக்கொண்டாள், எத்தனை பிரியமான குரல் இது, "கைப்பிடி ஒடஞ்சு சணல் கட்டின பெட்டியோட அவ திரும்பி வந்தா" என்றது அந்தக் குரல். சணல் கட்டியது கட்டிலுக்கடியில் இருந்த அவளுடைய பெட்டியல்லவா... அன்றைக்கும் அந்தச் சணல் கதையில் இருந்ததா, எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.