இரண்டு விரல் குறை

பரண் என் வலது தோளில் ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் ஒரு மரப்பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இறங்கினால் பரண் விழும். விழுந்தால் நேரே நான் கம்பி சுற்றுகிற காயில் மெஷின் மேல்தான் விழும். எல்லாம் என் வீட்டுக்காரரின் கைங்கரியம்.

நான் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். எரிந்துபோன மோட்டார்களை அவர் தெருத் தெருவாகப் போய் வாங்கி வருவார். நான் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, கருகின கம்பியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். பதினோரு வருடமாக இதே பிழைப்பு. மெஷினின் தண்டில் ஓர் அச்சுக்கட்டை மாட்டியிருக்கும். உள்ளங்கை அகலம், இரண்டு விரல் தடிமன். அதன் மேல்தான் கம்பியைச் சுற்றுவது. கட்டையின் அளவு பிசகினால் காயில் மோட்டாருக்குள் உட்காராது. நானே அரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பக்குவம் பண்ணி வைத்திருந்த கட்டை அது.

அந்த அறை ஒரு காலத்தில் துணி துவைக்கிற இடம். தரை மூலையிலிருக்கும் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே ஒரு ஜன்னல், அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். "வெளியில எங்கயாவது வேலைக்குப் போகட்டுமா? நாலு மனுஷங்க முகத்தப் பார்த்த மாதிரி இருக்கும்" என்று முதல் தடவை கேட்டபோது, "புழுக்கமா இருக்கா?" என்று மறுநாளே ஜன்னலில் ஒரு காற்றாடி மாட்டினார். இரண்டாம் தடவை கேட்டேன், முதுகு சாய்கிற நாற்காலி வந்தது. மூன்றாம் தடவை கேட்டதற்குத்தான் இந்தப் பரண். "இடம் அடைசலா இருக்குல்ல, அதான் உனக்கு மனசு ஒட்டல. எல்லாத்தையும் மேல ஏத்திடறேன் பாரு!" வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. அதுதான் என்னைக் கொன்றது.

நான்காம் தடவை கேட்கவில்லை. ஒரு மோட்டார் கம்பெனிக்குப் போய், அவர்கள் கண்ணெதிரே ஒரு காயில் சுற்றிக் காட்டிவிட்டு வந்தேன். "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள ஃபோன் பண்ணுவோம். ரெண்டு தடவை பார்ப்போம். எடுக்கலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவோம்" என்றாள் அங்கிருந்த பெண். அந்தச் சனிக்கிழமையில்தான் நான் தோளில் பரணோடு நின்றேன். ஃபோன் மேஜை மேல் கிடந்தது. எட்டி எட்டிப் பார்த்தாலும் ஒன்றரை ஆள் தூரம்.

பரணுக்கு ஒரு ஆணிகூட வாங்கவில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. பலகை, உடைந்த கட்டிலிலிருந்து. குறுக்குச் சட்டம், யார் வீட்டிலோ கழற்றிப் போட்ட கதவு நிலையிலிருந்து. இரண்டு பக்கம் சுவரில் பதித்தாயிற்று. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்காவது மூலைக்குத்தான் ஒரு மரக்கால் முட்டுக் கொடுக்க வேண்டும். கால் நிறுத்த இடம் வேண்டுமே? தரை முழுக்கச் சாமான். சாமானை ஏற்றினால்தான் கால் நிறுத்த இடம் வரும், கால் நிறுத்தினால்தான் சாமானை ஏற்ற முடியும். மனிதர் யோசித்தார். "நீ ஒரு நிமிஷம் அந்த மூலையப் பிடி" என்று என்னைப் பெட்டி மேல் ஏற்றிவிட்டு, மோட்டார் மூடிகள், காலிக் கம்பிச் சுருள்கள், அட்டைப்பெட்டிகள் என்று கடகடவென்று மேலே அடுக்கினார். பிறகு காலைக் கொண்டுவந்து நிறுத்தினார். சட்டத்துக்கும் காலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது.

சுவரோரம் மேடான தரையில் அளந்திருக்கிறார். கால் நிற்பதோ ஓட்டைக்குப் பக்கத்தில், பள்ளத்தில்.

"வேற கால் வெட்டிட்டு வந்துடறேன். மரக்கடை பக்கத்துலதான. அசையாத!" என்று கிளம்பினார். போனவர் திரும்பி வந்து, "அளவு மாறிடக் கூடாதுல்ல" என்று அந்தக் குட்டைக் காலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. குட்டைக் காலையே அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்!

"ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுச் சுவர் கேட்டுக்கொண்டது.

தோள் மரத்துப்போனது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. பதினொன்று நாற்பதுக்கு ஃபோன் அடித்தது. மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதுவாக நின்றுபோனது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் பாதி, "சரி, பிடிக்கிறேன்" என்று ஏறி நின்ற என் மேல் பாதி.

அவர் வந்தார், கக்கத்தில் இரண்டு காலோடு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரம்.

"மயிரிழை வித்தியாசம் இல்லாம வெட்டிக் கொடுத்தான்" என்று நிறுத்தினார். அதே இரண்டு விரல். காலையும் சட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அட! இரு, கடையில போய் ஒரு துண்டு..."

ஃபோன் மறுபடி அடித்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏதோ புது நம்பர். கட் பண்ணிடவா?"

"கட் பண்ணாதீங்க!" நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கால் கீழே விழுந்தது.

"சரி சரி, ஸ்பீக்கர்ல போடறேன். நீ அங்க நின்னே பேசு."

"முடியாது. நீங்க வந்து பிடிங்க."

"ஒரு நிமிஷம்..."

"இப்பப் பிடிங்க. இல்லன்னா விட்டுடுவேன். சத்தியமா விட்டுடுவேன்."

விட்டிருப்பேன். என் மெஷின் நொறுங்கினாலும் பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும், வந்து இரண்டு கையாலும் சட்டத்தைத் தாங்கினார். நான் இறங்கினேன். ஃபோனை எடுத்து, "சொல்லுங்க" என்றேன். "வந்துடறேன்" என்றேன். "திங்கட்கிழமை எட்டரைக்கு. சரிங்க. ரொம்ப நன்றிங்க."

அவர் நகர முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"யாரு?"

"மோட்டார் கம்பெனி. காயில் சுத்த ஆள் எடுக்கறாங்க. நாலு நாளைக்கு முன்னாடியே போய்ச் சுத்திக் காட்டிட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா ஏசி மாட்டியிருப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். கட்டில் பலகை, அடுக்கின மூடிகள், அட்டைப்பெட்டிகளில் அவர் கோணல் கையெழுத்தில் எழுதி ஒட்டின பெயர்கள்.

"அப்ப இந்தப் பரண் யாருக்கு?"

இவர் மேல் கோபப்படுவதுகூட ஒரு வேலை. மெஷின் பக்கம் போனேன். தண்டிலிருந்து திருகாணியைக் கழற்றி அச்சுக்கட்டையை உருவினேன். மரக்காலை நிறுத்தி, அடியில் கட்டையை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். அளந்து செய்த மாதிரி இறுகி உட்கார்ந்தது.

அவர் ஒவ்வொரு கையாக எடுத்தார். பரண் அசையவில்லை.

"நிக்குது பார்த்தியா!" என்றவர், குனிந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அச்சுக்கட்டைய வச்சுட்டியே. நாளைக்கு எப்படிச் சுத்துவ?"

"சுத்த மாட்டேன்."

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் இப்படிப் பதில் சொன்னதே இல்லை. கேட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர் கட்டையை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டினார். மேலே மூடிகள் கிணுகிணுத்தன. கையை எடுத்துக்கொண்டார்.